பழைய சவரக்கத்தியைப் பிடியோடு காப்பாற்றுவது: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த பழைய மடக்குச் சவரக்கத்திகளைச் செப்பனிடுவதில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ‘வேட் அண்ட் புட்சர், ஷெஃபீல்ட்’ என்று பொறித்த கத்தி கிடைத்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லை. கொம்புப் பிடி ஆடுகிறது, அலகெங்கும் துரு. எங்கே தொடங்குவது?

பதில்: அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அங்கே வந்த வரிச்சட்டம் சொன்னது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் கத்தி அதற்கும் முந்தியது என்று நினைக்க இடமுண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் பூதக்கண்ணாடி வைத்து, வெட்டும் விளிம்பான வாயோரம் முழுவதையும் பாருங்கள். விரிசல் இருந்தால் அது சவரத்துக்கு ஆகாது. இல்லையென்றால் தையல் இயந்திர எண்ணெயை அலகில் மட்டும் பூசி ஓர் இரவு விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப்போகும். மறுநாள் 0000 எண் ஸ்டீல் வூலால் (மிக மெல்லிய இரும்புப் பஞ்சு) நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். செந்துரு போக வேண்டும், கருமை இருக்கட்டும். அந்தக் கருமை இரும்பைத் தின்னாது. துரு அரித்த குழிகளைத் தேய்த்து எடுக்க நினைத்தால் அலகே மெலிந்துவிடும். வாய்வரை வராத குழியால் சவரத்துக்குக் குறையொன்றுமில்லை. பொன்பூச்சு எழுத்து இருந்தால் அங்கே ஸ்டீல் வூல் படவே கூடாது.

பிடியைக் கழற்றாதீர்கள். உள்பக்கத் துருவை எண்ணெயில் நனைத்த துணிநாடாவை விட்டு இழுத்து எடுக்கலாம். ஆட்டத்தை நிறுத்த, அலகையும் பிடியையும் இணைக்கும் ஆணியான ரிவெட்டின் ஒரு தலையைச் சிறு பட்டறைக்கல்லில் வைத்து, மறுதலையின் ஓரத்தை உருண்டைமுகச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இரண்டு தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அவசரப்பட்டால் கொம்பு பிளந்துவிடும்.

கேள்வி: மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் அலகைப் பிடித்தால் கண்ணாடிபோல் ஆகிவிடுமே?

பதில்: ஆகும். அதோடு முத்திரை மழுங்கும், மெல்லிய வாய் சூடேறும். நீலம் பாரித்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அது பிறகு கூர் தாங்காது. சக்கரம் கத்தியைப் பறித்து உங்கள்மீதே எறியவும் கூடும். வேண்டாம்.

கேள்வி: என் கத்தியின் பிடி வெள்ளை. தந்தமா, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. தந்தமென்றால் இந்தியாவில் விற்கவோ வாங்கவோ சட்டம் இடம்தராது.

கேள்வி: என் கத்தி என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வது என் வேலையன்று.

கேள்வி: பிடியில் விரிசல் விழுந்துவிட்டது. புதிதாக ரோஸ்வுட் பிடி போட்டால் என்ன குற்றம்? இது கருவிதானே, கோயில் சிலையா?

பதில்: கருவி என்பதால்தான் சொல்கிறேன். தொடக்க காலத்தில் நானும் ஒரு கொம்புப் பிடியைக் கழற்றி எறிந்தேன். அதன் உள்பக்கத்தில் அலகு உரசி உரசி விழுந்த தடமும், வெளியே கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பள்ளமும் இருந்தன. அந்தக் கத்தியை ஒருவர் எப்படிப் பிடித்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இடையே மற்றொருவர்: அந்தக் காலத்திலேயே பிடி மாற்றினார்களே. அது மட்டும் அசலா?

பதில்: நல்ல கேள்வி. என்னிடம் உள்ள ஒரு கத்தியில் பிளந்த பிடிக்குக் குறுக்கே யாரோ சிறு தகடு வைத்து அறைந்திருக்கிறார். அதை நான் தொடவில்லை. அன்றாடம் புழங்கியவர் செய்த பழுதுபார்ப்பும் அந்தக் கத்தியின் வாழ்க்கையில் சேர்த்திதான்.

ரோஸ்வுட் பிடி பற்றிக் கேட்டவர்: அப்படியானால் நான் செய்வதும் சேர்த்திதானே?

பதில்: அவர் பிடியைக் காப்பாற்றினார், நீங்கள் கழற்றி எறியப் பார்க்கிறீர்கள். விரிசலில் மெல்லிய எபாக்ஸி பசை விட்டு, காயும்வரை நூலால் கட்டிவைத்துப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மாற்றுங்கள். ஆனால் பழைய பிடி, ரிவெட், வாஷர் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக் கத்தியோடு வையுங்கள். ஒன்றில் மட்டும் என் பிடிவாதம் செல்லாது. செல்லுலாய்டு அழுகத் தொடங்கினால் அதன் ஆவி அலகை அரிக்கும், பக்கத்தில் உள்ள கத்திகளையும் விடாது. அந்தப் பிடியை உடனே கழற்றித் தனியே வைக்க வேண்டும். அதைக் கத்தியோடு பொட்டலம் கட்டக் கூடாது.

கேள்வி: குறைந்த வேகத்தில் பஃப் செய்யலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எந்த வேகத்திலும் வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் ஜில்லெட் ரேசரில் முலாம் உரிகிறது.

பதில்: முலாம் பூசுபவரைக் கேளுங்கள், எனக்கு அதில் பழக்கமில்லை.

கேள்வி: தீட்ட எந்தக் கல்?

பதில்: வாய் மழுங்கியிருந்தால் 1000 எண் கல், பிறகு 4000, 8000 (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்). கடைசியில் தோல்வாரில் தீட்டுங்கள். அலகின் தடித்த முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும், ஏனென்றால் கோணத்தைத் தருவது முதுகுதான். முதுகு தேயாமலிருக்க அதன்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: பிடியின் அடியில் இரு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் ஆப்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். பழைய பிடிகளில் அந்த ஆப்பு பெரும்பாலும் ஈயம், பொடியும் ஈயத்தினுடையதே. மூச்சில் போனால் நஞ்சு. கையுறை போட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியை எறிந்துவிடுங்கள். ஆப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.