அந்தக் கைதட்டலை நம்ப வேண்டாம்

கேள்வி: என் தம்பி இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எட்டு வருடமாக ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறான். மாமியார் ஜோக், குழம்புக் காரம் ஜோக் எல்லாம் பழசாகி, இப்போது கல்யாண வீட்டுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. போன மாதம் நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில், ஜூலை 2021இல் இங்கே நடந்த கடைக் கொள்ளைக் கலவரத்தை எடுத்து, கறுப்பின ஜூலு மக்களைக் கிண்டலடித்துப் பேசினான். அரங்கமே அதிர்ந்தது. இனி இதுதான் என் வழி என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, தடுக்கலாமா?
- ஓர் அக்கா, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பேசுவதைத் தடுக்காதீர்கள் அம்மா, ஆனால் அந்தக் கைதட்டலை நம்பாதே என்று சொல்லுங்கள். நம் ஆட்களே உட்கார்ந்திருக்கும் இடத்தில் அங்கே இல்லாதவர்களைக் கிண்டலடித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஃபீனிக்ஸில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கலவர நாட்களில் அங்கே மட்டும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். பக்கத்திலுள்ள கறுப்பினக் குடியிருப்பான இனாண்டாவிலிருந்து வந்த ஒரு தாய் முன்வரிசையில் இருந்தால் அதே ஜோக்கைச் சொல்வானா? கேளுங்கள்.

நம் நாட்டு நையாண்டிக் கலைஞர் பீட்டர்-டெர்க் எய்ஸ் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 1970களில் அவர் நாடகங்களைத் தணிக்கைக்காரர்கள் தடை செய்தார்கள், அவர் 1981இல் தனி ஆளாக மேடையேறினார். ஆஃப்ரிகானர், அதாவது ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் வெள்ளையர், அப்பாவுக்குப் பிறந்தவர், ஓர் ஆஃப்ரிகானர் சீமாட்டி மாதிரியே பெண் வேஷம் கட்டி, எவீட்டா என்று பேர் வைத்து, சொந்த ஜனத்தின் நிறவெறியைத்தான் கிழித்தார். நிறவெறி ஆட்சி போன பிறகும் ஓயவில்லை, எய்ட்ஸ் பற்றிப் பேச பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார்.

நம் வீட்டில் விஷயமா இல்லை? 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்த முன்னோர் கரும்புத் தோட்டத்தில் பட்ட பாட்டைச் சொல்லி, அவர்கள் கரையிறங்கிய நவம்பர் 16 வந்தால் கண்கலங்குகிறோம், அதே வீட்டில் வேலைக்கு வரும் ஜூலு அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மகன் கறுப்பினப் பெண்ணைக் கூட்டி வந்தால் பெரியம்மா முகம் போகிற போக்கு! இதைச் சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும். சில பேர் எழுந்து போவார்கள், போகட்டும்.

சட்டத்தையும் நினைவில் வைக்கட்டும். நம் அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது, ஆனால் இனவெறுப்பைக் கிளறித் தீங்குக்குத் தூண்டும் பேச்சுக்கு அதில் இடம் கிடையாது.

சரி, அந்த டம்ளரைப் பற்றிப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். முதலில் உங்கள் சமையலறையில் உங்களுக்குப் பேசிக் காட்டட்டும், அப்புறம் சாட்ஸ்வர்த் போகலாம்.