வார்டில் முதல் பாடங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். வார்டுக்குச் செல்லத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியும், படுக்கை விரிப்பது, நோயாளிகளை ஈரத்துணியால் துடைத்துவிடுவது, நாடியும் மூச்சும் எண்ணுவது ஆகியவற்றைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை. ஊசி போடத் தெரியுமா என்றுதான் ஊரில் கேட்கிறார்கள். இவற்றுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு? மேலும், மூச்சை எண்ணும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வருகிறதே, ஏன்?
– ஒரு மாணவி, பாலக்கோடு

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்னாலோ, மார்பையே உற்றுப் பார்த்தாலோ, நோயாளி தம்மை அறியாமலேயே மூச்சு விடும் வேகத்தை மாற்றிக்கொள்வார். ஆகவே நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்காமல், நாடி பார்ப்பதுபோலவே இருந்துகொண்டு, மார்போ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்ததுதான் ஒரு மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

நான் மாணவியாக இருந்தபோது, நேரம் போதவில்லை என்று ஒரு வரிசைக் கட்டில்கள் முழுவதற்கும் 18 என்றே எழுதிவைத்தேன். சார்ட்டைப் பார்த்த வார்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு முதியவரின் கட்டிலருகே நிறுத்தி மறுபடியும் எண்ணச் சொன்னார். 32 வந்தது. உடனே டாக்டரை அழைத்தார்கள். நோயாளியின் நிலை மோசமாகப்போவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளில் மூச்சின் வேகமும் ஒன்று என்று புத்தகத்தில் படித்திருந்தும், நான் எழுதிய 18 அதை மறைத்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடம்பு துடைப்பதும் அப்படித்தான். படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகையும் பிட்டத்தையும் குதிகாலையும் நிதானமாகப் பார்க்க வேறு நேரம் வாய்ப்பது அரிது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் சிவந்த தோல் என்று பாடத்தில் இருக்கும். நம் மக்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரங்களில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே கறுத்தோ கருநீலமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல், வார்டு சிஸ்டரிடம் உடனே சொல்லுங்கள். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது என்று உங்கள் ஆசிரியை வற்புறுத்துவதும் இந்தத் தோலைக் காப்பதற்காகவே.

நம் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்த முதியவர்கள் சிலருக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், இறுகிப்போன எலும்பு பழையபடி இளகுவதில்லை. அப்படிப்பட்ட பாட்டியை ஒரு கையால் இழுத்துப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு பேராக நின்று, தோளையும் இடுப்பையும் ஒருசேரத் திருப்புங்கள்.

ஒருவரைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடாதீர்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி ஆகும். கூட்டமான வார்டில் இது நீண்ட நேரமாகத் தோன்றினாலும் குறைக்க வேண்டாம்.

ஊசியும் இதே அடிப்படைப் பாடத்தில் பின்னர் வரும். முதலில் பொம்மைக் கையில் பழகிய பிறகே நோயாளியிடம் செல்வீர்கள். நாளை காலை வார்டுக்குப் போனதும், திரைச்சீலையை இழுத்துவிட்டு, “பாட்டி, கொஞ்சம் திருப்பிப் படுக்கவைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்திவையுங்கள்.