மெஷினுக்கு முன்னால் மெக்கானிக்கைப் பாருங்கள்: பழைய பிரிண்டர் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் 18 வருஷமாகச் சின்ன அச்சகம் நடத்துகிறேன். இதுவரை கலர் மெஷின் 4 வாங்கியிருக்கிறேன், எல்லாமே பிறர் ஓட்டிவிட்டுக் கொடுத்தவை. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பழைய புரொடக்‌ஷன் பிரிண்டரை, அதாவது அச்சகத்தில் நாள் முழுக்க ஓடும் பெரிய கலர் பிரிண்டரைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அண்ணே, கல்யாணக் கார்டு, பெயர் அட்டை, கோயில் நோட்டீஸ், இவைதான் என் வேலை. கொனிகா மினோல்டா சி1060 ஒன்றும் ஜெராக்ஸ் வெர்சன்ட் 80 ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டுமே நல்ல மெஷின், தம்பி. முதலாவது நிமிடத்துக்கு 60 பக்கம், இரண்டாவது 80. ஆனால் அது ஏ4 தாளுக்குச் சொல்கிற கணக்கு. ஏ3-ஐவிடச் சற்றுப் பெரிய எஸ்ஆர்ஏ3 அளவில் 300 கிராம் அட்டையை (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) விட்டால் இரண்டுமே நிதானமாகத்தான் போகும், அதனால் வேகத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷின் நின்றுபோகிறது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நோட்டீஸ் போயாக வேண்டும், யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்த ஆளை முதலில் கண்டுபிடியுங்கள். எந்த மாடலுக்கு அவரிடம் டிரம் (படம் உருவாகும் உருளை), பெல்ட் (படத்தைத் தாளுக்குக் கொண்டுபோகும் பட்டை), பியூசர் (டோனர் என்கிற மைப்பொடியைச் சூட்டில் தாளில் ஒட்டவைப்பது) கையிருப்பு இருக்கிறது, எதை அவர் அடிக்கடி பிரித்து மாட்டுகிறார் என்று கேளுங்கள், அவர் சொல்கிற மாடல்தான் உங்கள் மாடல். அப்புறம், கையிலிருக்கும் பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்காவது தனியாக இருக்கட்டும். பழைய மெஷின் முதல் 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு பெரிய பாகத்தைக் கேட்கும். கட்டிங் மெஷினும், மடிக்கும் இடத்தில் கோடு அழுத்தும் கிரீசிங் மெஷினும் இல்லாமல் கல்யாணக் கார்டு வேலையில் இறங்கவும் முடியாது. கோடு போடாமல் அட்டையை மடித்தால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளையாகத் தெரியும்.

கேள்வி (கிள்ளான்): ஒரு மெஷினில் மீட்டர், அதாவது இதுவரை அடித்த பக்கக் கணக்கு, 4 லட்சம், இன்னொன்றில் 12 லட்சம். 4 லட்சம் ஓடியதைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: அப்படி நினைத்துத்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். மீட்டர் 4 லட்சம் என்றார் விற்றவர், ஸ்க்ரீனிலும் அதுதான் இருந்தது. கடைக்கு வந்த மூன்றாவது வாரம் தாள் இரண்டு இரண்டாக இழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். திருகாணித் தலைகளில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளியாய் மின்னியது, அவ்வளவு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தாள் இழுக்கும் ரப்பர் ரோலர் சொரசொரப்பே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழ என்றிருந்தது. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கணக்கை வைத்திருக்கும் எலக்ட்ரானிக் போர்டை வேறு மெஷினிலிருந்து மாற்றியிருக்கிறார்கள், மீட்டரும் போர்டோடு சேர்ந்து வந்துவிட்டது. அதனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சர்வீஸ் மெனுவுக்குள் போய், ஒவ்வொரு பாகமும் எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்கிற பட்டியலைத் தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். 12 லட்சம் ஓடி, பெல்ட்டும் பியூசரும் போன வருஷம் மாற்றி, அதற்கு பில்லும் வைத்திருக்கிற மெஷினை நான் தயங்காமல் எடுப்பேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): அண்ணா, மெஷினைப் பார்க்கப் போகும்போது என்னவெல்லாம் அடித்துப் பார்க்க வேண்டும்? எனக்கு டெக்னிக்கல் அறிவு கம்மி.

பதில்: அறிவு கம்மியாக இருந்தாலும் கண் போதும், தங்கச்சி. மெஷினை ஆஃப் பண்ணியே வைக்கச் சொல்லி, நீங்கள் போன பிறகு ஆன் பண்ண வையுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் சில நோய் தெரியாது. அவர்கள் கொடுக்கும் தாளில் அடிக்காதீர்கள், நீங்கள் தினமும் விற்கப்போகிற அட்டையை, 300 கிராம் ஆர்ட் கார்டில் 100 தாளாவது, கையோடு கொண்டுபோங்கள். முதலில் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பக்கம் முழுக்கப் பாதி அடர்த்தியில் அடியுங்கள். முழு அடர்த்தியில் அடித்தால் குறை மறைந்துவிடும், பாதியில்தான் கோடும் புள்ளியும் வெளியே வரும். ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்று சுற்றினால் 188 மில்லிமீட்டர், அதில் கீறல் இருந்தால் அந்த இடைவெளியில்தான் புள்ளி வரும். அளவை எழுதிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் சொன்னால் எந்த உருளை என்று போனிலேயே சொல்லிவிடுவார்.

அப்புறம் நான்கு மூலையிலும் கட்டிங் மார்க் (வெட்டும் இடத்தைக் காட்டும் சின்னக் கோடு) வைத்த ஒரு பைலை இரண்டு பக்கமும் 50 தாள் நிற்காமல் அடியுங்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் விளக்குக்கு நேராகப் பிடித்து, முன்பக்க மார்க்கும் பின்பக்க மார்க்கும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே அளவு விலகல் என்றால் சரிசெய்யலாம். தாளுக்குத் தாள் மாறினால் பெயர் அட்டை அடிக்க லாயக்கில்லை, விட்டுவிடுங்கள். நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள், டோனர் பொடியாக உதிர்ந்தால் பியூசர் போதுமான சூடு தரவில்லை.

கேள்வி (பினாங்கு): வெளிநாட்டிலிருந்து வந்த ரீகண்டிஷன் (பழுதுபார்த்துப் புதுப்பித்த) மெஷின் விலை ரொம்பக் குறைவாக இருக்கிறதே, ஐயா?

பதில்: குறைவுதான், ஆனால் இரண்டு விஷயத்தைத் தீர்த்துக்கொண்டு பணம் கொடுங்கள். ஒன்று டோனர். ஜெராக்ஸ் மாதிரி சில மெஷின்களில் டோனர் சிப் நாட்டுக்கு நாடு, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். இங்கே அந்த வியாபாரத்தை நடத்தியது ஃபுஜி ஜெராக்ஸ், 2021 ஏப்ரலிலிருந்து ஃபுஜிபிலிம் பிசினஸ் இன்னோவேஷன் என்ற பெயரில் நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த மெஷின் இங்கே விற்கும் டோனரை ஏற்காமல் போகலாம், உள்ளூரில் வாங்கிய டோனரை உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று ஃபியரி கண்ட்ரோலர், பைலை வாங்கி மெஷினுக்கு அச்சுப் படமாக மாற்றித் தரும் கம்ப்யூட்டர். அதன் அட்மின் பாஸ்வேர்ட், டாங்கிள் (சாப்ட்வேரைத் திறக்கும் யுஎஸ்பி சாவி) இருந்தால் அது, சாப்ட்வேர் டிஸ்க், மூன்றும் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கண்ட்ரோலரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் அந்த சாப்ட்வேர் டிஸ்க் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும்.

கேள்வி (பினாங்கு, அதே ஐயா): என் கடை ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு. மேல்மாடியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்த வீடுகளில் மேல்தளம் மரப்பலகை, மெஷினோ பல நூறு கிலோ, தாள் அடுக்கினால் இன்னும் ஏறும். கீழேயே வையுங்கள், சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாமல் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. ராத்திரி ஏர்கோன் நிறுத்தினால் காலையில் தாள் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும், முதல் 20 தாள் ஜாம் ஆகும், கலரும் திட்டுத் திட்டாக விழும். ரீம் கவரைப் பிரித்தால் அன்றைக்கே தீர்க்கப் பாருங்கள், மிச்சத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வையுங்கள். ஈரப்பதம் 40க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் மெக்கானிக் வருகிற தடவை குறையும்.

கேள்வி (செந்தூல்): தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. மெஷின் கோளாறா?

பதில்: இல்லை. வாடிக்கையாளர் பைலை எழுத்துரு சேர்க்காமல் அனுப்புகிறார். எழுத்துரு உள்ளே சேர்ந்த பிடிஎஃப் கேளுங்கள், அல்லது எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது படமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பத்திரிகை அடிக்கும் முன் ஒரு தாளில் பெயர்களைக் குடும்பத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி (ஷா ஆலம்): சின்னக் கடைதானே, லைசென்ஸ் எதற்கு?

பதில்: 1984ஆம் ஆண்டு அச்சு இயந்திரங்கள், வெளியீடுகள் சட்டம் மணிக்கு 1,000 பிரதியோ அதற்கு மேலோ அடிக்கக்கூடிய இயந்திரத்தை அச்சு இயந்திரம் என்கிறது. நிமிடத்துக்கு 60 என்றால் மணிக்கு 3,600. கடை சின்னதோ பெரியதோ, உள்துறை அமைச்சின் லைசென்ஸ் வேண்டும். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவும் நகராண்மை லைசென்ஸும் தனி. மெஷின் வருவதற்கு முன்பே மனுப் போடுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): கிளிக் கணக்கில் சர்வீஸ் ஒப்பந்தம் போடலாமா, அண்ணே?

பதில்: முதல் வருஷம் போடுங்கள், தம்பி. கிளிக் என்பது மெஷின் ஒரு பக்கம் அடிப்பதை எண்ணும் கணக்கு. கிளிக்குக்கு இத்தனை சென் என்று கட்டினால் டோனர், பாகம், ஆள் கூலி எல்லாம் அதற்குள் வரும், செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் கையெழுத்துக்கு முன் எஸ்ஆர்ஏ3 ஒரு கிளிக்கா இரண்டு கிளிக்கா என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் இரண்டு. நீங்கள் அடிக்கப்போவது பெரும்பாலும் எஸ்ஆர்ஏ3தான், இரண்டு பக்கமும் அடித்தால் ஒரு தாளுக்கு 4 கிளிக் ஆகிவிடும். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிளிக் என்று வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையையும், கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள்.