ஒகேனக்கல்லும் பயணிகளின் அக்கறையும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் குடும்பத்துடன் ஒகேனக்கல் சென்றிருந்தேன். பாறை இடுக்குகளில் ஷாம்பு உறைகளும் குளித்தவர்கள் விட்டுச் சென்ற துணிகளும் கிடந்தன. இயற்கையைப் பேணும் ஊர்களையே விரும்புவதாகவும், அதற்காகக் கூடுதலாகச் செலவிடத் தயார் என்றும் கருத்துக்கணிப்புகளில் பயணிகள் சொல்கிறார்களே, அது வெறும் பேச்சுதானா?

வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் பேச்சு என்று நான் கருதவில்லை. அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பயணியால் மதிக்க முடிகிறது. சுத்தமான கழிப்பறையையும் குப்பையில்லாத படித்துறையையும் அவர் உடனே பாராட்டுவார். எண்ணெய் தேய்த்துக் குளித்தவரின் தலையிலிருந்து வழியும் நுரை மேட்டூர் அணையை நோக்கித்தான் போகிறது என்பதோ, நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் 2013 முதல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே தண்ணீர் தருவது இதே காவிரிதான் என்பதோ வெளியூர்க்காரருக்கு யார் சொல்லித் தெரியும்?

அதே பயணி, கடையில் மீன் வாங்கி, அங்கே விறகடுப்பு மூட்டியிருக்கும் பெண்களிடம் கொடுத்து, மசாலா தடவி வறுத்துத் தரச் சொல்லி, வாழையிலையில் வைத்து ரசித்துச் சாப்பிடுகிறார். கூலி நேராக உள்ளூர்ப் பெண்ணின் கைக்குப் போகிறது. இலை மண்ணோடு மண்ணாகிறது. வளங்குன்றாச் சுற்றுலா என்று நாம் சொல்வதை அந்தப் பெயர் தெரியாமலேயே அவர் விரும்பி ஏற்கிறார். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே பயணியின் மனத்தைக் குறை சொல்வதைவிட, ஊரின் ஏற்பாட்டைத் திருத்துவதே முதல் வேலை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை இருந்தும் அவை ஒழியவில்லை. நீலகிரியிலோ, 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியபின், காட்டு விலங்குகளின் காலைக் கிழித்துவந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பின. வாங்கியவர்களுக்குக் காட்டின்மீது திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் அதற்கொரு காரணமும் கிடைத்தன.

செலவிடத் தயாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூடான் இந்தியர்களிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறது; நம்மவர்கள் கட்டிவிட்டுப் போகத்தான் செய்கிறார்கள். ஒகேனக்கல்லிலும் தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, பேருந்து நிலையத்திலும் பரிசல் துறையிலும் திருப்பித் தரலாம். வாகன நுழைவுக் கட்டணம் எந்தத் துப்புரவுப் பணிக்குச் செலவானது என்பதை வசூலிக்கும் இடத்திலேயே எழுதி வைக்கலாம். உங்கள் கடிதத்தில் உள்ளதை அப்படியே மாவட்ட நிர்வாகத்துக்கும் மனுவாக அனுப்புங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.