நாடுகள் விரும்பிச் சேரும் ஒரு பொது மின்னூலகம் நடக்கிற காரியமா?

கேள்வி: உலக நாடுகள் விருப்பப்பட்டால் சேர்ந்துகொள்ளும்படி ஒரு பொதுவான சர்வதேச மின்னூலகத்தை ஏன் இன்னும் யாரும் உருவாக்கவில்லை? உருவாக்கினால் ஓடுமா?

உருவாக்கினார்கள். பன்னிரண்டு வருடம் தனித் தளமாக ஓடவும் செய்தது. அது எங்கே தேங்கியது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பில்லிங்டன் 2005-இல் இந்த யோசனையை யுனெஸ்கோ தரப்பிடம் முன்வைத்தார். 2009 ஏப்ரல் 21 அன்று பாரிசில் உள்ள யுனெஸ்கோ தலைமையகத்தில் 'வேர்ல்ட் டிஜிட்டல் லைப்ரரி' திறக்கப்பட்டது. எந்த நாட்டுக்கும் கட்டாயம் கிடையாது. தேசிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தங்களிடம் இருக்கும் அரிய சுவடிகள், வரைபடங்கள், புகைப்படங்களில் தாங்களே தேர்ந்தெடுத்ததைக் கொடுக்கலாம். பார்ப்பவர்களுக்கு எல்லாம் இலவசம்.

திறந்த நாளிலிருந்தே அதில் இருந்த ஒன்று 'பிசாசின் பைபிள்' என்று பெயர் வாங்கிய கோடெக்ஸ் கிகாஸ் என்ற மிகப் பெரிய கையெழுத்துப் புத்தகம். 13-ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், எழுதப்பட்டது. எடை சுமார் 75 கிலோ. முப்பதாண்டுப் போரின் கடைசியில், 1648-இல், பிராகாவிலிருந்து ஸ்வீடன் படை அள்ளிக்கொண்டு போனது. இன்றைக்கும் ஸ்டாக்ஹோமில்தான் இருக்கிறது. கொண்டுபோனவர்கள் திருப்பித் தருவார்களா, தரவேண்டுமா என்பது தனி வழக்கு. ஆனால் பிராகாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கி, மையின் கீறல் வரைக்கும் பார்க்க முடிந்தது. ஒரு பொது மின்னூலகம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நமக்கும் இதே கதைதான். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578-இல் கொல்லத்தில் அச்சிட்டது. மொத்தமே 16 பக்கம். இன்று அறியப்பட்டுள்ள ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சரி, அந்த உலக மின்னூலகத்துக்கு என்ன ஆனது? ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கக் குறிப்பு எழுதி, அதை ஏழு மொழிகளில் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கீசு, ரஷ்யன், ஸ்பானிஷ். நல்ல எண்ணம்தான், குறிப்புகளும் தரமாக இருந்தன. ஆனால் ஒரு வரைபடத்தை ஏற்ற ஏழு மொழிக்காரர்கள் உட்கார வேண்டும் என்றால் வேலை எப்படி வேகமாக நகரும்? பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்தது 19,000 சொச்சம் பொருள்கள். ஒரு நடுத்தரக் கல்லூரி நூலகத்திலேயே அதைவிட அதிகப் புத்தகம் இருக்கும். பணமோ பெரும்பாலும் நன்கொடைகளிலிருந்து வந்தது. கூகுள் ஆரம்பத்திலேயே 30 லட்சம் டாலர் கொடுத்தது. 2021-இல் அந்தத் தனித் தளம் முடிவுக்கு வந்து, எல்லாம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்துக்குள் போய்விட்டது. எதுவும் அழியவில்லை, இப்போதும் பார்க்கலாம். ஆனாலும் ஊர்ப்பொது வீடாகத் தொடங்கியது கடைசியில் ஒருவர் வீட்டின் ஓர் அறையாகிவிட்டது. நாடுகள் பொருளைக் கொடுத்தன. வீட்டை நடத்துகிற பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. கோளாறு அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

ஐரோப்பாவில் வேறு வழியில் போனார்கள். 2004 டிசம்பரில் பெரிய நூலகங்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்யப்போவதாக கூகுள் அறிவித்ததும், பிரான்சின் தேசிய நூலகத் தலைவராக இருந்த ழான்-நோயல் ழான்நெனே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். எந்தப் புத்தகம் முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை ஒரே நிறுவனம், அதுவும் ஒரே மொழியின் பார்வையில், முடிவு செய்யக் கூடாது என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டு ஆறு நாடுகளின் தலைவர்கள் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி வந்ததுதான் யூரோப்பியானா. 2008 நவம்பர் 20 அன்று திறந்தார்கள். மணிக்கு ஒரு கோடி என்கிற அளவில் கூட்டம் குவிந்து அன்றைக்கே தளம் விழுந்துவிட்டது. மக்களுக்கு இப்படி ஒரு ஆசையே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

யூரோப்பியானா புத்தகங்களைத் தன்னிடம் குவித்து வைப்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற பட்டியல் விவரமும் ஒரு சின்னப் படமும் மட்டும் அங்கே இருக்கும். சொடுக்கினால் அந்தந்த நூலகத்தின் தளத்துக்கே போய்ச் சேருவீர்கள். பொருள் அவரவரிடம், பட்டியல் மட்டும் பொது. 2012-இல் அந்தப் பட்டியல் விவரங்களை யார் வேண்டுமானாலும் எந்த நிபந்தனையும் இன்றி எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று அதில் 5 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் பிரான்சிலிருந்தே வந்ததால் மற்ற நாடுகளைப் பார்த்துக் குறை சொன்னார்கள். விருப்பப்பட்டுச் சேரும் ஏற்பாடு என்றால் அப்படித்தான் இருக்கும். ஒருவர் கூடையோடு வருவார், ஒருவர் கைப்பிடி அளவோடு வருவார். வந்தவரைச் சேர்த்துக்கொண்டு போனதால்தான் அது வளர்ந்தது.

என் வேலை சம்பந்தப்பட்டதால் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பொதுவாக்குவது கேட்பதற்குச் சின்ன விஷயம். உ.வே.சாமிநாதையர் என்று நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவர் 'ஸ்வாமிநாத ஐயர்' என்று எழுதுவார், இன்னொருவர் 'சாமிநாத ஐயர்' என்பார். அமெரிக்க நூலகங்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் நம் 'ச'வுக்கு ஆங்கில வரிசையின் மூன்றாவது எழுத்தைப் போடுவார்கள். எங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு ஆய்வு மாணவர், உ.வே.சா. பதிப்புகள் வெளிநாட்டில் எங்கெல்லாம் இருக்கின்றன என்று 'எஸ்' வரிசையில் ஒரு மதியம் முழுக்கத் தேடிவிட்டு, ஒன்றுமே இல்லை என்று வந்து நின்றார். திரையைத் திருப்பி வைத்து, முதல் எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டினேன். வரிசையாக வந்து விழுந்தது. அந்தப் பையன் முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாகத் தெரிந்தது.

இதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் 2003-இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்போடு சேர்ந்து, ஒரே ஆசிரியரின் பல பெயர் வடிவங்களை இணைக்கும் பொதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கின. வியாஃப் என்று சொல்வோம். எந்த நாடும் தன் எழுத்துமுறையை மாற்ற வேண்டியதில்லை. 'இவரும் அவரும் ஒருவரே' என்ற முடிச்சை மட்டும் போட்டால் போதும். பிறகு பிரான்சு வந்தது, மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சர்வதேச மின்னூலகம் என்றால் நான் அஸ்திவாரமாக நினைப்பது இதைத்தான்.

பெரிய முட்டுக்கட்டை பதிப்புரிமை. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி, பொதுவாக ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுக்கு உரிமை நீடிக்கும். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. ஒரு நாட்டில் தடையில்லாமல் ஏற்றக்கூடிய நூல் இன்னொரு நாட்டில் வழக்கில் கொண்டுபோய் விடலாம். எல்லா நாடும் சட்டத்தை ஒன்றாக்கட்டும் என்று காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்காது. தமிழ்நாட்டில் அரசே உரிமைத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியாரில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்து அப்படிப் பொதுவாகியிருக்கிறது. இந்தியா இப்படி ஒரு நூலகத்தில் சேர்ந்தால் நாம் கூடையோடு போகலாம் என்று நான் நம்புவது இதனால்தான்.

அப்புறம், பிரதி ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தாக்கினார்கள். அடுத்த ஜனவரி பாதி வரைக்கும் முதன்மைப் பட்டியலே இணையத்தில் இல்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. சேரும் ஒவ்வொரு நாடும் இன்னொரு நாட்டின் கோப்புகளுக்கு ஒரு பிரதியைக் காத்துத் தர வேண்டும் என்பதை முதல் விதியாகவே எழுதிவிடலாம்.

ஓடுமா என்று கேட்டீர்கள். இதைப் பாருங்கள். என் சித்தப்பா மகனுக்குப் பார்வை கிடையாது. அவன் எம்.ஏ. படித்தபோது, நானூறு பக்கப் பாடநூல் ஒன்றை நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்து ஸ்கேன் செய்தேன். முதுகுத் தையல் விட்டுப்போகாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுத்துகளைக் கணினி தப்பாகப் படித்த இடங்களைத் திருத்த இரண்டு வாரம் ஆனது. அதே புத்தகத்தை வேறொரு நாட்டில் யாரோ முன்பே பேசும் வடிவில் செய்து வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லை தாண்டி அனுப்ப அப்போது சட்டத்தில் வழி இல்லை.

அந்த வழியைத் திறந்தது 2013 ஜூன் 27 அன்று நிறைவேறிய மராகேஷ் உடன்படிக்கை. பார்வையற்றோர் படிக்கும் வடிவத்தில் ஒரு நூலை உரிமையாளரிடம் கேட்காமலே தயாரிக்கலாம், சேர்ந்திருக்கும் நாடுகளுக்கு அனுப்பலாம். 2014 ஜூனில் முதல் ஆளாக ஏற்றது இந்தியா. நடைமுறைக்கு வர 20 நாடுகள் போதும் என்று வைத்திருந்தார்கள். 2016 செப்டம்பர் 30 அன்று வந்துவிட்டது. அமெரிக்கா சேர்ந்தது 2019-இல்தான், அதற்காக யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. 2016-இலேயே இந்தியாவில் பார்வையற்றோருக்காக சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்னூலகமும் தொடங்கியது.

தம்பி இப்போது முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான். போன மாதம் அவனுக்கு ஒரு ஆங்கில நூல் தேவைப்பட்டது. வழக்கம்போல ஸ்கேனரைத் துடைத்து வைத்தேன். "வேண்டாம்ணே, வெளியூர்லேர்ந்து வந்திருச்சு"ன்னு போனில் சொன்னான். பின்னால் அந்தப் புத்தகத்தின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.