கூரையின்மேல் ஒரு கூரை: சைப்ரஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சைப்ரஸ் தீவில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் எத்தனை இருக்கின்றன? ஒன்றை மட்டும் பார்க்கத்தான் நேரம் என்றால் எதைப் பார்க்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்று. தென்மேற்குக் கடற்கரையில் உள்ள பாஃபோஸ் 1980-லும், த்ரூடோஸ் மலையின் ஓவியத் தேவாலயங்கள் 1985-லும், கிரோகிதியா என்னும் புதிய கற்கால ஊர் 1998-லும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. பெரும்பாலான பயணிகள் முதலில் போவது பாஃபோஸுக்குத்தான். 1962-இல் தற்செயலாக வெளிப்பட்ட ரோமானியர் கால மாளிகையும், அதன் தரையில் வண்ணக் கல் துண்டுகளால் பதித்த புராணக் காட்சிகளும் அங்கே உள்ளன, பார்க்க வேண்டியவையே. ஆனாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தயங்காமல் த்ரூடோஸ் மலைக்குத்தான் வழி சொல்வேன்.

அங்குள்ள பத்துத் தேவாலயங்களில் பலவற்றை வெளியிலிருந்து பார்ப்பவர் தானியக் களஞ்சியம் என்றே நினைப்பார். கோபுரம் கிடையாது, கரடுமுரடான கல் சுவரும், செங்குத்தாகச் சரியும் மரச் சட்டக் கூரையும், அதன்மேல் தட்டையான ஓடுகளும் மட்டுமே தெரியும். குளிர்காலத்தில் அம்மலையில் பனி பெய்யும் என்பதால், தேங்காமல் வழுக்கி விழும்படி கூரையைச் சரித்துக் கட்டினார்கள். சில தேவாலயங்களில், ஏற்கெனவே இருந்த குவிமாடத்தையே முழுதும் மூடி, அதன்மேல் இரண்டாவதாக ஒரு கூரை போட்டார்கள். ககோபெத்ரியா ஊரருகே உள்ள 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குக் ‘கூரையின் புனித நிக்கோலஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியத்துக்கு ஈரத்தைவிடப் பெரிய பகை இல்லை. அந்த எளிய ஓட்டுக்கூரை இல்லாவிட்டால், உள்ளிருக்கும் ஓவியங்கள் இத்தனை நூற்றாண்டுகள் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

அசினு என்னுமிடத்தில் உள்ள மரியன்னை தேவாலயத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அதன் பழைய ஓவியங்கள் 1105–06-இல் தீட்டப்பட்டவை என்று அங்கே எழுதப்பட்டுள்ள வாசகமே கூறுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுதப்பட்ட பகுதிகளும் அவற்றை அடுத்தே இருப்பதால், இரண்டு காலத்துத் தூரிகைகளை ஒரே அறையில் ஒப்பிடலாம். தேவாலயத்தைக் கட்டுவித்த நிகெபோரோஸ், அதன் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி இயேசுவுக்குக் காணிக்கையாக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கிரோகிதியாவில் இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மைதான். கி.மு. 7-ஆம் ஆயிரமாண்டில் அங்கே கல்லாலும் களிமண்ணாலும் வட்ட வீடுகள் கட்டி வாழ்ந்தவர்கள், இறந்தவரைக் கால்களை மடக்கிய நிலையில் வீட்டுத் தரைக்குக் கீழே குழியில் கிடத்தி, மேலே மண்ணை மூடி, அதே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். சில குழிகளில் கல் கிண்ணங்களும் கழுத்து மணிகளும் கிடைத்துள்ளன. மண்பாண்டம் செய்யத் தெரியாத காலம் அது. கிண்ணத்தையும் கல்லில்தான் குடைந்தெடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளை இறந்தவருக்குக் கொடுத்தார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

கேள்வி: லெஃப்காரா பூத்தையலை லியனார்டோ டா வின்சி வாங்கிச் சென்றாராமே?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அது அவ்வூரார் விரும்பிச் சொல்லும் கதை, உறுதியான சான்று இல்லை. கதையை விடத் தையல்தான் பெரிது. லினன் துணியில் இழைகளைக் கணக்கிட்டு வெட்டி உருவி, எஞ்சிய இழைகளை ஊசியால் கட்டிக் கட்டி வடிவம் எழுப்புகிறார்கள். ஓர் இழை தவறினாலும் கோலம் குலைந்துவிடும். வளைந்து வளைந்து ஓடும் ஒரு வடிவத்துக்கு ‘ஆறு’ என்று பெயர். வெனிஸ்காரர்களின் ஆட்சிக்காலத் தாக்கமும் உள்ளூர்க் கைவண்ணமும் அதில் கலந்துள்ளன. சிறுமிகள் முதலில் தாயும் பாட்டியும் தைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகு அவர்களிடமே முறையாகக் கற்றுக்கொண்டார்கள். 2009-இல் யுனெஸ்கோ இக்கலையை, கட்டடங்களுக்கல்லாமல் மரபுக் கலைகளுக்கென உள்ள தன் தனிப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: அங்கே போட்டிப் பாட்டு உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு. ‘சியாட்டிஸ்டா’ என்பது பெயர். 2011-இல் அதே யுனெஸ்கோ மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. வயலினும் லூட் என்னும் நரம்புக் கருவியும் இசைக்க, ஒருவர் பதினைந்து அசை கொண்ட அடிகளில் எதுகையோடு ஈரடிப் பாட்டைச் சைப்ரஸ் வட்டார வழக்கில் அந்த நொடியிலேயே கட்டிப் பாடுவார். எதிராளி அதை மடக்கி உடனே பதிலடி கொடுக்க வேண்டும். நம் எசப்பாட்டை ரசித்தவர்களுக்கு அந்தச் சூடு எளிதில் பிடிபடும். பெரும்பாலும் வயதில் மூத்த ஆண்களே பாடிவந்த இதில் அண்மைக் காலமாகப் பெண்களும் பாடுகிறார்கள். கேட்க விரும்பினால், லார்னகா கடற்கரையில் நடக்கும் ‘கதக்ளிஸ்மோஸ்’ திருவிழாவுக்குப் போங்கள். கிழக்கு மரபுத் திருச்சபையின் ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாளை ஒட்டி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.