உள்பக்கத்து ஒட்டு

(வாசகர் கேள்வி பதில் பகுதி. இந்த இதழில் பதில் எழுதுபவர், உணவு எந்திரங்களுக்கு எவர்சில்வர் பாகங்களை அளவெடுத்துச் செய்துதரும் பட்டறையைக் குன்னூரில் 26 ஆண்டுகளாக நடத்திவருகிறார்.)

கேள்வி: வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். உருக்குவதற்கு 40 லிட்டர் இரட்டைச் சுவர்ப் பாத்திரம் ஒன்றை அளவு சொல்லிச் செய்து வாங்கினேன். இரண்டே மாதத்தில் உள்ளே ஒட்டுப் போட்ட இடத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. செய்தவரோ, "எவர்சில்வர் துருப்பிடிக்காது, அது சாக்லேட் கறை" என்று சாதிக்கிறார்.
வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, வெந்நீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு ஓர் இரவு அப்படியே விடுங்கள். சாக்லேட் கறை என்றால் கழுவும்போதே போய்விடும். காலையில் அதே இடத்தில் அதே புள்ளி நின்றால் அது துருதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. 304 ரகத் தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகத் தகட்டைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அந்தப் படலம் தானாக மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் பற்றவைக்கும் சூட்டில் ஒட்டின் இரு பக்கமும் நீலமும் கறுப்புமாக ஒரு பட்டை விழுகிறதே, அங்கே அந்தப் படலம் கெட்டு, அதன் அடியிலிருக்கும் தோலிலும் குரோமியம் குறைந்துபோகிறது. அந்தப் பட்டையை முழுதாக எடுத்தாக வேண்டும். மேலாக பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும், நோய் உள்ளேயே இருக்கும்.

உங்கள் பாத்திரத்தில் இன்னொரு காரணத்தையும் சந்தேகிக்கிறேன். நம் மலையில் பெரும்பாலான பட்டறைகளில் இரும்பு கேட், ஜன்னல் கிரில், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் ஒரே மேசையில்தான் நடக்கும். காலையில் கேட்டைத் தேய்த்த அதே கிரைண்டர் கல்லை மாலையில் பாத்திரத்தின் உள்ளே விட்டால், இரும்புத் துகள் தகட்டில் பதிந்துவிடும். துருப்பிடிப்பது அந்தத் துகள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது எவர்சில்வருக்கு என்று தனி அறை, தனிக் கல், தனி பிரஷ். இரும்பு வேலை செய்த கையுறையோடு யாரும் அந்த அறைக்குள் வர விடுவதில்லை. நீங்களும் இரும்புக் கம்பிச் சுருளால் பாத்திரத்தைத் தேய்க்காதீர்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

சரி செய்ய முடியும். செய்தவரிடமே கொண்டுபோய், பிக்லிங் பேஸ்ட் (கெட்ட தோலை அரித்தெடுக்கும் அமிலப் பசை) தடவி ஒட்டைச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். இதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். அந்தப் பேஸ்டில் இருக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரைக்கும் இறங்கக்கூடியது. வேலை முடிந்து பாத்திரம் கைக்கு வந்ததும் கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே ஊசித்துளையோ பிசிறோ இருக்கிறது. சாக்லேட்டுக்கு இது மிகவும் முக்கியம். இரட்டைச் சுவருக்கு நடுவிலிருக்கும் தண்ணீர் ஒரு துளையின் வழியாகச் சில சொட்டுகள் கசிந்தாலே போதும், உருக்கிய சாக்லேட் முழுவதும் திரண்டு கட்டியாகிவிடும்.

கேள்வி: ஐடிஐ முடித்துவிட்டு ஒரு பட்டறையில் டிக் வெல்டிங் (ஒட்டின் மேல் ஆர்கான் வாயுவை விட்டுக்கொண்டே பற்றவைப்பது) செய்கிறேன். குழாய் ஒட்டும்போது உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும் என்று படித்தேன். முதலாளியோ, "சிலிண்டர் கீழேயிருந்து மலையேறி வருகிறது, வெளியே ஒட்டு நன்றாக இருந்தால் போதும், உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்" என்கிறார்.
வாசகர், அரவங்காடு

பதில்: தம்பி, உள்பக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லைதான். ஆனால் பாலும் ஜாமும் தொடுவது உள்பக்கத்தை மட்டும்தான்.

என் மேசை மேல் நெடுக்காக வெட்டிய ஒரு குழாய் வளைவு இருக்கிறது. ஒன்றரை அங்குலக் குழாய். தொழிலில் எனக்கு ஐந்தாம் வருடம், ஒரு சிறிய பால் குளிரூட்டும் நிலையத்துக்கு நானே ஒட்டியது. வெளியே பார்த்தால் இன்றைக்கும் அழகுதான், மீன் செதில் அடுக்கியதுபோல வரிவரியாக இருக்கும். மாட்டிய மூன்றாவது வாரத்திலிருந்து அங்கே பால் சீக்கிரம் புளிக்க ஆரம்பித்தது. கேனை மாற்றினார்கள், சோப்பை மாற்றினார்கள், கறக்கும் ஆளைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் நான் போய் வளைவைக் கழற்றி, வாளால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டின் முதுகு முழுவதும், கருகிய வெல்லப்பாகு கொதித்து உறைந்ததுபோலக் கறுப்பாகப் பொரிந்து கிடந்தது. அந்தப் பொரிவின் ஒவ்வொரு இடுக்கிலும் மஞ்சளாகக் காய்ந்த பால். முகர்ந்தபோது வந்த வாடையை நான் மறக்கவில்லை. என்ன கழுவினாலும் அந்த இடுக்குக்குள் பிரஷும் போகாது, சோப்பும் போகாது. கிருமி அங்கேயே குடியிருந்து, ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் பாலில் கலந்துகொண்டிருந்தது. என் தவறுக்கு, பால் கறந்து பிழைக்கும் ஒரு மனிதர் பழி சுமந்தார்.

அந்தப் பொரிவு ஏன் வருகிறது? பற்றவைக்கும் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் மேற்பக்கத்தைத்தான் காக்கிறது. உள்ளே உருகி நிற்கும் உலோகத்தைச் சாதாரணக் காற்று எரித்துவிடுகிறது. அதனால் குழாயின் இரண்டு முனைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழ் முனை வழியாக மெதுவாக விட்டு, மேல் முனையில் ஒரு சிறு துளை வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். குழாயின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு ஆர்கான் உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் பற்றவைக்கத் தொடங்க வேண்டும். முடித்தபின் டார்ச் விளக்கடித்து உள்ளே பாருங்கள். வெள்ளி நிறமோ வெளிர் வைக்கோல் நிறமோ இருந்தால் சரி. நீலமோ கறுப்போ தெரிந்தால் உங்கள் கையை விட்டு அது போகக்கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பட்டறைக் கதவைத் திறந்து வைத்தால், மூடுபனியோடு வரும் இளங்காற்றே டார்ச்சின் ஆர்கானைத் தள்ளிவிடும். அதற்காக வாயுவைக் கூட்டினால் அது சுழன்று, இன்னும் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும், கதவைச் சாத்துங்கள். காலையில் தகட்டின் மேல் ஈரம் படிந்திருக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காமல் தொடங்காதீர்கள். 304 தகட்டுக்கு, ஒட்டில் உருக்கிச் சேர்க்க 308எல் கம்பி போடுங்கள். எல் என்றால் கார்பன் குறைவு, அதிகபட்சம் 0.03 சதவீதம். கார்பன் கூடினால், சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ள, அந்த இடம் துருவைத் தாங்கும் வலுவை இழந்துவிடும்.

ஒன்றை மட்டும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். குழாயில் மட்டுமல்ல, பெரிய தொட்டியிலும் இப்படி ஆர்கான் நிரப்புவார்கள். அதற்குள் தலையை நீட்டிவிடாதீர்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. இரண்டு மூச்சில் நினைவு போய்விடும்.

கேள்வி: கொடைக்கானலில் சிறிய அளவில் பாலாடைக்கட்டி செய்கிறோம். உப்புநீரில் ஊறவைக்கும் தொட்டிக்கு 304 போதுமா?
வாசகர், கொடைக்கானல்

பதில்: போதாது. உப்பிலுள்ள குளோரைடு 304இல் சிறு குழி பறிக்கும், முதலில் ஒட்டின் ஓரத்தில்தான் பறிக்கும். 316எல் தகடு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் வரை மாலிப்டினம் இருப்பதால் நன்றாகத் தாங்கும். ஒட்டுக் கம்பியும் 316எல்லாகவே இருக்க வேண்டும். விலை கூடுதல்தான், வெறும் பால் தொடும் பாத்திரங்களை 304இல் செய்துகொண்டு அதைச் சரிக்கட்டலாம். குளோரின் தூள் போட்டுக் கழுவினால் ஊறவிடாமல் உடனே அலசிவிடுங்கள்.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 304தானே?
வாசகர், பந்தலூர்

பதில்: இல்லை. விலை குறைந்த 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், துருவைத் தாங்கும் வலு குறைவு. நல்ல 304 தகட்டையே வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள எண் தகட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாஷன் புரூட் ஸ்குவாஷ் தயாரிக்கிறோம். தினமும் கொதிக்கும் தண்ணீரைக் குழாயில் விட்டுக் கழுவியும் ஒரு புளித்த வாடை போகவில்லை. குழாய் இணைப்புகள் எல்லாம் மரை வைத்தவை.
வாசகி, ஊட்டி

பதில்: வாடை மரைக்குள் இருக்கிறது அம்மா. மரையின் ஒவ்வொரு சுற்றிலும் சாறு தங்கும், ஓடுகிற தண்ணீர் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். மேலும் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 92, 93லேயே கொதித்துவிடும். நீளமான குழாயின் கடைசி முனைக்குப் போய்ச் சேரும்போது அந்தச் சூடும் இருக்காது.

மரை இணைப்புகளை எடுத்துவிட்டு, வளைவுகளின் இரு முனையிலும் கிளாம்ப் விளிம்பு ஒட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, வெளியே ஒரு திருகை முடுக்கினால் போதும். வேலை முடிந்ததும் ஸ்பானர் இல்லாமலே கழற்றி உள்ளே பிரஷ் விடலாம். செய்கிறவர் உள்ளே ஆர்கான் விட்டுத்தான் ஒட்டுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதல் வளைவை முடித்தவுடன் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்த பிறகு அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள்.